மனையிறை முதல் சொத்துவரி வரை

வரி என்னும் சொல்லுக்குக் கோடு என்றும் எழுத்து என்றும் பொருளுண்டு. பாவின் அடியை இன்று வரி என்றே வழங்குகின்றனர். குடிமக்கள் அரசுக்குச் செலுத்தும் பொருளுக்கும் அதுவே பெயர். இவ்வழக்குகள் தற்செயலாக ஒன்றுகூடியவை அல்ல என்று கருத இடமுண்டு. சோழர் காலத்து ஆணைகளில் 'வரியிலிடுதல்' என்னும் தொடர் பயின்று வருகிறது. ஓர் ஊர் இறுக்கவேண்டியதை அரசின் கணக்கில் எழுதிச் சேர்ப்பதே வரியிலிடுதலாகும். அக்கணக்கு வரிப்பொத்தகம் எனப்பட்டது. அதனைப் பேணிய அலுவலகம் புரவுவரித் திணைக்களம் எனப்பட்டது. ஆகவே வரி என்பது வாங்கப்படுவதற்கு முன்னர் எழுதப்படுவது. எழுதப்பட்டதைப் படிக்கலாம், படித்தவர் பிழையென்று கண்டால் எடுத்துக் கூறலாம்.

இதே பொருளுக்குத் தமிழில் வழங்கிய மற்றொரு பழஞ்சொல் இறை. கடவுளுக்கும் அரசனுக்கும் அரசனுக்குச் செலுத்தும் பொருளுக்கும் அது பொதுப்பெயராக நின்றது. இறை மேலிருந்து இறங்குவது. வரி எல்லோரும் காண எழுதப்படுவது. வீட்டின் மீதும் கடையின் மீதும் விதிக்கப்பட்ட வரியின் வரலாறு, இவ்விரு சொற்களுக்கும் இடையே நிகழ்ந்த நெடும்போராட்டம் எனலாம். பிசிராந்தையார் பாண்டியனுக்குக் கூறிய யானை உவமையைத் தமிழறிந்தார் அனைவரும் அறிவர். அரசன் எவ்வளவு கொள்ளலாம், எவ்வாறு கொள்ளலாம் என்பது அப்பாட்டின் வினா. அளப்பவர் யார், அளக்கும் கோல் எது, அளந்தது தவறாயின் முறையிடும் அவை எது என்னும் வினாக்கள் அதற்கு அடுத்த நிலையில் எழுவன. வரலாறு நெடுகிலும் வீட்டுக்காரரும் சிறுகடைக்காரரும் எழுப்பிவந்த வினாக்கள் இவையே.

அளந்த கோலும் விட்ட நிலமும்

முதலாம் இராசராசன் தன் 16ஆம் ஆட்சியாண்டை ஒட்டி, ஏறத்தாழ கி.பி.1001இல், நாடு முழுவதையும் அளக்கச் செய்தான். அளந்த கோல் 16 சாண் நீளமுடையது. உலகளந்த கோல் என்று பெயர் பெற்றது. ஒரு வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரையில் நிலம் கணக்கிடப்பட்டதைத் தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. நடைமுறையில் அவ்வளவு சிறு துண்டை எவரும் உழுதிருக்க இயலாது. எனினும் கணக்கில் அது விடுபடலாகாது என்ற உறுதி வியக்கத்தக்கது.

அளவையின் நுட்பத்தைக் காட்டிலும் ஈண்டுக் கருதத்தக்கது, அளந்தபின் எவை விலக்கப்பட்டன என்பதாகும். ஊர்களின் மொத்த நிலத்திலிருந்து குடியிருப்பாகிய ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சிய விளைநிலத்துக்கே நிலவரி கணித்தனர். விளைவது வேறு, வாழ்விடம் வேறு என்ற பகுப்பு அதில் உள்ளது. அப்பகுப்பைச் செய்த அதே கல்வெட்டு, சேரிகளைத் தனித்தனியே எண்ணிச் சாதிப் பிரிவினையையும் பதிவு செய்திருக்கிறது என்பதை மறைத்தல் ஆகாது.

நத்தம் நிலவரியினின்று நீங்கியது. எனினும் வீடு வரியினின்று முற்றும் நீங்கவில்லை. கொடை ஆணைகளில் வரும் பட்டியல்களில் மனையிறை, தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம், அங்காடிப்பாட்டம், குசக்காணம் முதலிய பெயர்கள் அடுக்கி வருகின்றன. தறியும் செக்கும் குயவன் சக்கரமும் எண்ணிப் பார்க்கத்தக்க பொருள்கள். எத்தனை தறி என்பதில் ஐயம் எழ வழியில்லை. ஆயினும் வீடே தொழிற்கூடமாக அமைந்த நெசவாளன் கூரையை மனையிறையும் தறியிறையும் ஒருங்கே தொடக்கூடும். குடியிருப்பு வரியும் தொழில் வரியும் ஒரே வாசலில் வந்து நிற்கும் சிக்கல் இன்று தோன்றியதன்று.

கோலின் நீளத்திலேயே நீதி அடங்கியிருந்தது. நீண்ட கோலால் அளந்தால் நிலம் குறைவாகத் தெரியும், வரி குறையும். குறுகிய கோலால் அளந்தால் அதே நிலம் பெருகித் தெரியும், வரி கூடும். வரிவீதத்தில் ஒரு நெல்மணியும் கூட்டாமல் கோலில் ஒரு சாண் குறைத்தே குடிகளை வருத்த இயலும். கல்வெட்டுகளில் காணும் கோற்பெயர்களுள் ஒன்று குடிதாங்கிக் கோல் என்பது. பெயரிட்டவர் எவராயினும், கோல் குடியைத் தாங்கவும் கூடும், தள்ளவும் கூடும் என்பதை அறிந்தே பெயரிட்டனர் போலும். கோயிற் சுவர்களில் அளவுகோல்கள் வெட்டி வைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். கல்லில் வெட்டிய கோலை அளப்பவன் தன் விருப்பம்போல் நீட்டவோ குறைக்கவோ முடியாது.

கணக்குக் காட்டும் கடப்பாடும் அக்காலத்தே வற்புறுத்தப்பட்டது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி.919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. வாரிய உறுப்பினராக விழைபவர் கால் வேலிக்கு மேற்பட்ட வரிநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராதல் வேண்டும். வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது. அது பிராமணர் சபை. ஊரார் அனைவர்க்கும் உரியதன்று. எனினும் வரி இறுப்போர் கணக்குக் கேட்கலாம் என்னும் கருத்து அங்கே கல்லில் நின்றுவிட்டது.

குடிகள் எழுதிய வரி

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அக்கருத்து வேறொரு வடிவில் வெளிப்பட்டது. இரண்டாம் தேவராயன் ஆண்ட கி.பி.1429இல், காவிரிப் படுகையிலும் அதற்கு வடக்கிலும் வலங்கை 98 பிரிவினரும் இடங்கை 98 பிரிவினரும் ஒன்றுகூடினர். நெடுங்காலம் தமக்குள் மாறுபட்டு நின்றவர்கள் அவர்கள். அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் மிகைவரி வாங்கி வருத்தியதை எதிர்த்து, இன்ன நிலத்துக்கு இவ்வளவு, இன்ன தொழிலோர்க்கு இவ்வளவு என்று தாமே அளவு வகுத்தனர். வகுத்ததைக் கோயிற் சுவர்களில் பொறித்தும் வைத்தனர். திருவைகாவூர், கொறுக்கை, ஆடுதுறை, கீழப்பழுவூர், எலவானாசூர் ஆகிய இடங்களில் அக்கல்வெட்டுகள் உள்ளன. நொபொரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் இவற்றை ஆராய்ந்து, அவற்றின் சமுதாயப் பின்னணியை விளக்கியுள்ளனர்.

அவர்கள் வரியே கொடுப்பதில்லை என்று கூறவில்லை. கொடுக்கத்தக்கது இவ்வளவு என்று எழுதினர். அதுவரை அரசும் சபையும் எழுதிய வரியை அன்று உழுதவரும் நெய்தவரும் எழுதினர். தமிழக வரி வரலாற்றில் இதனினும் சிறந்த பக்கம் பிறிதொன்றில்லை எனலாம்.

சென்னைப்பட்டினத்து வீட்டுவரி

கல்வெட்டுக் காலம் கழிந்து கும்பினியாரின் காகிதக் காலம் தொடங்கியபோதும் அதே வினா தொடர்ந்தது. 1639இல் தோன்றிய சென்னைப்பட்டினம் அரை நூற்றாண்டுக்குள் பெருநகராயிற்று. மதிலும் காவலும் தூய்மையும் வேண்டின. அவற்றுக்குப் பணம் வேண்டியிருந்தது. அச்செலவை நகரத்தார் தலையில் ஏற்றக் கும்பினி இயக்குநர்கள் விரும்பினர். வில்லியம் கிஃபோர்டு ஆளுநராக இருந்த 1686ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வீட்டுவரிக்கு எதிராக நகரத்தார் கடைகளை அடைத்துத் தொழிலை நிறுத்தினர். ஆளுநர் அச்சுறுத்திப் பணிய வைத்தார்.

அச்சுறுத்தலால் வரி நிலைக்காது என்பதைக் கும்பினியின் தலைவர்களுள் ஒருவரான சர் ஜோசையா சைல்டு உணர்ந்திருந்தார். கும்பினியின் தனியாணையால் ஆறு பென்ஸ் வாங்குவதினும், மக்கள் தாமே தமக்கு விதித்துக்கொள்ளும்போது ஐந்து சில்லிங் பெறுவது எளிது என்பது அவர் கணிப்பு. ஐந்து சில்லிங் என்பது அறுபது பென்ஸ் ஆகும். ஒப்புதலின் மதிப்பு பத்து மடங்கு என்று ஒரு வணிகர் கணக்கிட்டார். அதன் விளைவாக, 1687 டிசம்பரில் அளித்த பட்டயத்தின்படி 1688 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை மாநகராட்சி தொடங்கிற்று. மேயர் ஒருவர், ஆல்டர்மென் 12 பேர், பர்கெஸ் 60 பேர். ஆல்டர்மென் அவையில் ஆங்கிலேயருடன் இந்திய வணிகரும் போர்த்துகீசியரும் யூதரும் இடம்பெற்றனர்.

இந்நாட்டின் முதல் மாநகராட்சி அறத்தின் பொருட்டன்று, வரியின் பொருட்டே பிறந்தது. அவை அமைந்த அளவில் பணம் குவிந்துவிடவுமில்லை. மக்கள் வரி கொடுக்கத் தயங்கியே நின்றனர். உறுப்பினர் பட்டயத்தில் பெயர் குறிக்கப்பட்டவர்கள்; குடிகள் தேர்ந்தவர்கள் அல்லர். ஒப்புதலின் பயனை விரும்பிய கும்பினி, ஒப்புதலைக் கேட்க விரும்பவில்லை. 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானத்தை வெளியிட்ட பின்னரே நகராட்சித் தேர்தல்கள் மெல்லப் பரவின. அப்போதும் வரிசெலுத்தும் தகுதியுடையோர்க்கே வாக்குரிமை வாய்த்தது.

காசியின் வெறுமையான வீதிகள்

ஒப்புதலின்றி விதித்த வீட்டுவரி என்னவாகும் என்பதைக் காசி நகரம் காட்டிற்று. 1810ஆம் ஆண்டின் 15ஆம் ஒழுங்குமுறை காசி உள்ளிட்ட நகரங்களில் வீட்டுவரி விதித்தது. குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு. கடைக்கு 10 விழுக்காடு. 1810 டிசம்பரில் காசி மக்கள் கடைகளை அடைத்து, வீடுகளைத் துறந்து, ஊர்ப்புறத்து வெளியில் வந்து அமர்ந்தனர். கைவினைஞர் தத்தம் தொழிலை நிறுத்தினர், படகோட்டிகளும் சேர்ந்துகொண்டனர். ஆயுதம் ஏந்தாத அவ்வமர்வு 1811 சனவரி வரை நீண்டது. முன்னைய ஆட்சியாளர் குடிகளின் குடியிருப்பைத் தொட்டதில்லை என்று அவர்கள் முறையிட்டனர். வரி முதலில் தளர்த்தப்பட்டது, பின்னர்க் கைவிடப்பட்டது. அரசு ஆவணங்களைத் திரட்டித் தரம்பால் 1971இல் வெளியிட்ட நூலால் இச்செய்தி பலரும் அறியலாயிற்று.

கடைக்கு வீட்டைப்போல் இருமடங்கு என்னும் விதியை ஊன்றி நோக்குதல் வேண்டும். கடை பொருளீட்டுவது, ஆதலின் மிகுதியாகத் தரட்டும் என்பது அதன் அடிப்படை. பெருவணிகனுக்கு அது பொருந்தும். திண்ணையில் வெற்றிலை விற்பவனுக்கும் அதே இருமடங்கா என்று கேட்டால் அவ்விதியில் விடையில்லை. பயன்பாட்டைப் பார்த்த கோல் தாங்கும் ஆற்றலைப் பார்க்கவில்லை.

வாடகை என்னும் கற்பனை

இருபதாம் நூற்றாண்டில் 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் சொத்துவரிக்கு அடிப்படை வகுத்தன. ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க ஆண்டு வாடகையே அதன் ஆண்டு மதிப்பு. அதில் பழுதுபார்ப்பின் பொருட்டுக் கட்டடப் பங்கில் 10 விழுக்காடு கழிக்கப்படும். 2023இல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வரும் வரையில் இச்சட்டங்கள் நூறாண்டுக்கு மேல் வழங்கின.

இதில் ஒரு கற்பனை பொதிந்துள்ளது. தாம் கட்டிய வீட்டில் தாமே வாழும் முதியவர் எவரிடமும் வாடகை பெறுவதில்லை. சட்டமோ அவர் பெறாத வாடகையைப் பெற்றதாகக் கருதி, அதன்மேல் வரி கணிக்கிறது. கற்பனை கவிஞர்க்கு மட்டும் உரியதன்று. சட்டமும் அதனைக் கையாள்கிறது. வேறுபாடு யாதெனில், கவிஞர் கற்பனையை ஏற்காதவர் நூலை மூடிவிடலாம். சட்டத்தின் கற்பனையை ஏற்காதவர்க்கு அறிவிப்பு வரும்.

அக்கற்பனை வாடகை எவ்வளவு என்பதை மதிப்பிடும் அலுவலர் முடிவு செய்தார். குண்டூர் நகராட்சி மன்றத்துக்கும் அந்நகர வரிசெலுத்துவோர் சங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கு, 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்ததே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகையை மீறி ஆண்டு மதிப்பைக் கணிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1970இல் தீர்ப்பளித்தது. சட்டம் தடுத்த வாடகையை வரிக்காக மட்டும் கற்பனை செய்யலாகாது என்பது நேர்மையான வாதம். ஆயினும் அதன் நிழலும் நீண்டது. வாடகை உறைந்துநின்ற பழைய கட்டடங்களின் வரியும் உறைந்தது. அண்மையில் எழுந்த சிறுவீட்டின் வரி புதுவாடகையை ஒட்டி உயர்ந்தது. கடைத்தெருவின் பெருமாளிகையைவிட நகர்ப்புறத்துச் சிறுவீடு மிகுதியாக இறுக்கும் நிலை இவ்வாறு தோன்றலாயிற்று.

இச்சிக்கலிலிருந்து வெளிவர முதலில் துணிந்த நகரங்களுள் ஒன்று பாட்னா. 1993இல் அந்நகரம் தெருவின் நிலை, கட்டடத்தின் பயன், கட்டுமான வகை ஆகியவற்றைக் கொண்டு சதுர அடிக்கு இவ்வளவு என்று பட்டியல் வகுத்தது. உச்ச நீதிமன்றம் 1995இல் அம்முறையை ஏற்றது. பெங்களூர் 2000இல் வீட்டுக்காரரே கணக்கிட்டுச் செலுத்தும் முறையைத் தொடங்கிற்று; தில்லி 2004இல் சதுர அளவு முறைக்கு மாறிற்று. அலுவலர் மனத்தில் இருந்த கோல் பட்டியலாக வெளியே வந்தது. இராசராசனின் கோல் போன்று அது எவர்க்கும் தெரிவதாயிற்று.

இருபத்துநான்கு ஆண்டு இடைவெளி

சென்னையில் 1998இல் சொத்துவரி பொதுச் சீராய்வு பெற்றது. பிற நகரங்களில் 2008இல் சீராய்வு நடந்தது. 2018இல் அறிவித்த உயர்வு 2019இல் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் 2022 ஏப்ரலில் மாநிலம் முழுதும் பெரும் உயர்வு வந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என நான்கு படிகள் அமைந்தன. வணிகக் கட்டடங்களுக்கு 150 விழுக்காடு என ஒரே படி அமைந்தது.

வீட்டுக்கு வகுத்த படிகள் வரவேற்கத்தக்கவை. சிறியோர்க்கு இரங்கும் நெஞ்சு அதில் தெரிகிறது. அவ்விரக்கம் கடை வாசலில் நின்றுவிட்டது. தையற்கடையும் பெட்டிக்கடையும் பல மாடி வணிக வளாகமும் ஒரே விழுக்காட்டில் உயர்ந்தன. காசியில் 1810இல் நேர்ந்த குறை வேறு எண்களில் மீண்டும் வந்தது.

இனி ஒரு சிறுகணக்கு. வரி இரண்டரை மடங்காக 24 ஆண்டுகளில் உயர வேண்டுமாயின், ஆண்டுதோறும் 4 விழுக்காட்டுக்கும் குறைவாக உயர்ந்தால் போதும். இருமடங்காக ஆண்டுக்கு 3 விழுக்காடே போதும். அவ்வாறு உயர்ந்திருப்பின் எவரும் அதிர்ந்திரார். வாக்குக்கு அஞ்சி 24 ஆண்டுகள் தள்ளிப்போட்டதே உயர்வை இடியாக மாற்றிற்று. தள்ளிப்போட்ட காலத்தில் பெருங்கட்டடம் உடையவர் பெரும்பயன் அடைந்தனர். குடிநீருக்கும் கால்வாய்க்கும் காத்திருந்த சிறுதெருக்கள் இழந்தன.

மற்றொரு குறை இன்னும் ஆழமானது. அடுத்தடுத்துள்ள ஒரே அளவான இரு வீடுகளுள், வெவ்வேறு காலத்து மதிப்பீட்டால் ஒன்றுக்கு 1,000 ரூபாயும் மற்றதற்கு 3,000 ரூபாயும் வரி இருந்ததாகக் கொள்வோம். இரண்டையும் 100 விழுக்காடு உயர்த்தினால் அவை 2,000, 6,000 ஆகும். முன்பு 2,000 ரூபாயாக இருந்த வேறுபாடு 4,000 ரூபாயாகும். ஏற்கெனவே எழுதிய வரியைப் பெருக்குவது புதிதாக அளப்பதாகாது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் ஏற்ற ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்வுக்கும் இது பொருந்தும். திடீர் இடியை அது தவிர்க்கிறது. ஆயினும் ஆண்டுதோறும் அவ்வாறே தொடர்ந்தால் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் வரி இருமடங்காகும். பழைய பிழையும் உடன் இருமடங்காகும்.

படிக்கத்தக்க வரி

வரியின்றி நகரமில்லை. தெருவிளக்கும் குடிநீரும் குப்பை அகற்றலும் வரியால் நடப்பன. வரியைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் முழங்குவது எளியது; அதனால் இறுதியில் துன்புறுபவர் விலைக்கு நீர் வாங்க இயலாத ஏழையரே. வேண்டுவது நேர்மையான அளவை.

ஆயிரம் ஆண்டு வரலாறு அதற்கான இலக்கணத்தை ஒருவாறு தொகுத்துத் தந்திருக்கிறது. கோல் ஒன்றாதல் வேண்டும்; பழைய மாளிகைக்கு ஒன்றும் புதிய சிறுவீட்டுக்கு ஒன்றுமாக இருத்தல் ஆகாது. குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக அளத்தல் வேண்டும். வீட்டுக்கு வகுத்த படிகளைச் சிறுகடைக்கும் வகுத்தல் வேண்டும். ஒவ்வொரு தெருவின் வீதமும் ஒவ்வொரு கட்டடத்தின் அளவும் அத்தெருவார் அனைவரும் பார்க்குமாறு வெளிப்பட வேண்டும். அண்டை வீட்டார் வரியை அறிந்தாலன்றித் தன் வரி நேரியதா என்று எவரும் அறிய இயலாது. முறையீட்டைக் கேட்பவர் வரி விதித்தவராக இருத்தல் கூடாது. வாங்கிய பணம் எத்தெருவில் என்னவாயிற்று என்ற கணக்கு, உத்தரமேரூர் வாரியத்தார்க்கு இருந்த அச்சத்தோடு காட்டப்பட வேண்டும்.

1429இல் கோயிற் சுவரில் வரியளவைப் பொறித்தவர்களுள் பலர்க்கு எழுத்தறிவு இருந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. எனினும் வாய்ச்சொல்லாக விடாமல் அதனை எழுத்தில் வெட்டுவித்தனர். எழுதப்பட்ட வரியையே நாளை ஒருவர் எடுத்துக்காட்டி நியாயம் கேட்க முடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் வெட்டுவித்த கல் இன்றும் திருவைகாவூரில் இருக்கிறது. இன்றைய நகரங்களில் வீட்டுக்கு வரும் வரிச்சீட்டில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் எவ்வாறு வந்தது என்பதை அவ்வீட்டார் தாமே படித்தறியும் நாளில்தான் இறை என்னும் பழம்பொருள் நீங்கி, அது வரி என்னும் பெயருக்குத் தகுதியுடையதாகும்.